விமலா மச்சாளின் கிழங்கில் பிழையில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மற்றக் கதை. விமலா மச்சாள் அவித்துக் கொடுத்த மரவள்ளிக் கிழங்கில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. அவர் போட்டுக் கொடுத்த இஞ்சித் தேநீரிலும் பிழையில்லை. என் இரண்டு பெண்பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தியது நான். ஊரில் இன்னும் சிலர் கிழங்குக் கதையையே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அந்தக் கதையை வளர விட்டதும் நான்தான்.

போன மாதம் மாதர் சங்கக் கூட்டத்தில், நடந்ததை மற்றத் தாய்மாருக்குச் சொல்லும்படி கேட்டார்கள். எழுந்து நின்றேன். முன்னாலிருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். தலைச்சுற்று என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். அதுவும் பொய். கையால் எழுதினால் அவ்வளவு லேசாகப் பொய் வராது என்று நினைத்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு புதுக்குடியிருப்பிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. ஒரு ஹோல், இரண்டு அறை, ஒரு குசினி. பின் அறை யன்னலுக்கு இன்னும் கதவு போடவில்லை, தறப்பாள் அடித்திருந்தோம். கணவருக்குக் கொழும்பில் கட்டட வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மூத்தவள் கேசவிக்கு ஒன்பது வயது. இளையவள் மிதுசாவுக்கு நாலரை. அடுத்த வளவில் இருப்பவர் விமலா மச்சாள், கணவரின் ஒன்றுவிட்ட அக்கா. நான் அவரை மச்சாள் என்பேன், அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்.

சங்கத்தால் எனக்கு நூறு கோழிக்குஞ்சுகள் கிடைத்தன, பொரித்து ஒரு நாளேயானவை. எத்தனையோ பேர் கேட்டிருக்க எனக்குக் கிடைத்ததில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன். குஞ்சு வளர்த்தவர்களுக்குத் தெரியும், முதல் சில கிழமைகள் அவற்றுக்குச் சூடு வேண்டும். குளிர்ந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெரிந்து செத்துவிடும். மின்சாரம் இருந்தால் குமிழ் எரியவிடுவோம். இல்லாவிட்டால் மண்சட்டியில் சிரட்டைக்கரித் தணல்.

பயிற்சி தர வந்த மிஸ் அன்றைக்கே தெளிவாகச் சொன்னார்.

"கரிச்சட்டி வைக்கிறதெண்டா கொட்டிலுக்குள்ள மட்டும். மேல காத்துப் போக இடம் விடுங்கோ. மூடின அறைக்குள்ள ஒருநாளும் வைக்காதேங்கோ."

நான் முன் வரிசையில்தான் இருந்தேன். ஓம் ஓம் என்று தலையாட்டி, வந்ததற்குக் கையெழுத்தும் போட்டேன்.

மார்கழி மழை நாலு நாள் விடாமல் பெய்தது. பள்ளிக்கூடம் பூட்டு. மரம் விழுந்து மின்சாரமும் போய்விட்டது. கொட்டிலுக்குள் வெள்ளம் ஏறத் தொடங்கியதும் குஞ்சுகளைப் பெட்டி பெட்டியாகத் தூக்கிவந்து பின் அறைக்குள் விட்டேன். சுற்றி மட்டைத் தடுப்பு வைத்து, நடுவில் கரிச்சட்டியை வைத்தேன். தறப்பாளின் ஓரமெல்லாம் பழந்துணி அடைத்தேன். கதவுக்குக் கீழே சாக்கு மடித்து வைத்தேன். புகை வரக்கூடாது என்று எவ்வளவு கவனமெடுத்தேன் தெரியுமா? சட்டியை வெளியில் வைத்து விசிறி, புகையெல்லாம் அடங்கித் தணல் செக்கச் சிவந்த பிறகுதான் உள்ளே கொண்டுபோனேன். புகை இல்லாத நெருப்பு ஒன்றும் செய்யாது என்பது என் எண்ணம். மிஸ் சொன்னது ஞாபகம் வராமலில்லை. "அவவுக்கென்ன, சொல்லிப்போட்டுப் போவா, குஞ்சு செத்தா எனக்குத்தானே நட்டம்" என்று மனதுக்குள் ஒரு மறுமொழியும் சொன்னேன்.

அன்று காலை குஞ்சுத்தீன் முடிந்துவிட்டது. கடைக்குப் போய்வர இரண்டு மணித்தியாலம் என்று கணக்குப் போட்டேன். கேசவியை அறைக்குள் பாயில் இருத்தினேன்.

"தணல் மங்கினா ரெண்டு கரி போடு. கதவைத் திறந்து வைக்காதை. சூடு போனா குஞ்செல்லாம் செத்துப்போம். விளங்குதோ?"

"ஓம் அம்மா."

"நான் வருமட்டும் திறக்கக்கூடாது."

"ஓம் அம்மா."

கேசவி சொல்வழி கேட்கிற பிள்ளை. மிதுசாவிடம் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் குஞ்சுகளோடு முற்றத்தில் நின்றிருப்பாள்.

பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்ததால் பஸ் சுற்றிப் போனது. நான் திரும்பி வர மத்தியானம் இரண்டு மணி தாண்டிவிட்டது. இடையில் விமலா மச்சாள் வந்து, தன் தோட்டத்துக் கிழங்கை அவித்து, சம்பலும் இஞ்சித் தேநீருமாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார். ஹோலுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கேசவி திரும்பவும் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கிறாள். மிதுசா நெடுநேரம் ஹோலில் விளையாடிவிட்டு, அலுப்படித்த பிறகு அக்காவிடம் போயிருக்கிறாள்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு எழுதவே கூசுவது.

கதவைத் திறந்ததும் என் கண் முதலில் குஞ்சுகளிடம்தான் போனது. பாதிக்கு மேல் சரிந்து கிடந்தன. கேசவி மட்டைத் தடுப்பில் தலைவைத்துப் படுத்திருந்தாள். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

"எழும்படி. இதுக்கோ உன்னை விட்டிட்டுப் போனனான்? நித்திரையே கொள்ளுறாய்?"

தோளில் ஒரு அடியும் போட்டேன். தலை துவண்டு மறுபக்கம் விழுந்தது. அப்போதுதான் பின்னால் மிதுசா சத்தி எடுக்கிற சத்தம் கேட்டது. "அம்மா தலையிடிக்குது" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கால் தள்ளாடியது.

இரண்டு பேரையும் ஹோலுக்கு இழுத்துவந்து குளறினேன். விமலா மச்சாள் ஓடிவந்தார். சத்திக்குள் கிழங்குத் துண்டுகளைக் கண்டதும் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"கிழங்குக்கு மேல இஞ்சித் தேத்தண்ணி குடுத்திட்டன் மச்சாள். மழைக்குளிரெண்டு நினைச்சுக் குடுத்திட்டன். நான் பிள்ளையளைக் கொண்டுபோட்டன்."

மரவள்ளிக் கிழங்கும் இஞ்சியும் சேர்ந்தால் நஞ்சு என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. கிழங்கு தின்ற அன்றைக்கு இஞ்சியைக் கண்ணிலும் காட்டமாட்டோம். மச்சாள் தானே தன் வாயால் அதைச் சொன்னபோது, நான் இல்லை என்று சொல்லவில்லை. மச்சாளின் மனுசன் ஓட்டோ பிடிக்க ஓடினார். அந்த இடைவெளியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பின் அறைக்குள் போய்க் கரிச்சட்டியைத் தூக்கிவந்து, குசினிக்குப் பின்னால் மழைக்குள் கவிழ்த்தேன். வீடு தீப்பிடிக்கும் என்ற பயத்தில் அல்ல.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். கிழங்கும் இஞ்சியும் என்றேன். விரல் நுனியில் கவ்வுகிற ஒரு சின்னக் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது அது. தொண்ணூற்றெட்டு என்று காட்டியது, நல்ல கணக்கு. சேலைன் ஏற்றினார்கள். நான் சொன்ன மறுமொழிக்கு ஏற்ற வைத்தியத்தை அவர்கள் குறையில்லாமல் செய்தார்கள். மிதுசா சத்தி எடுத்து முடித்துக் கொஞ்சம் தெளிந்தாள். கேசவி கண்ணைத் திறக்கவேயில்லை. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அம்புலன்சில் விமலா மச்சாளும் வந்தார். மிதுசாவை மடியில் வைத்து, தன் சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு வந்தார். வழியில் மனுசனுக்கு ஃபோன் எடுத்தார்.

"கிழங்கு முழுக்கப் பிடுங்கி எறியுங்கோ. ஒரு தடிகூட நிக்கக்கூடாது."

அதையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்துக்குரியவள் பழிக்குரியவளின் பக்கத்திலேயே, முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தேன். என்னை என்ன செய்வார்கள் என்ற பயம்தான் எனக்கு. பொலிசுக்குப் போகுமா, சிறுவர் பிரிவுக்காரர் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போவார்களா, அவர் கொழும்பிலிருந்து வந்து என்ன கேட்பார். பிள்ளை பிழைக்குமா என்ற பயமும் இருந்தது. ஆனால் அது மட்டும்தான் இருந்தது என்று சொல்ல என்னால் முடியாது.

பெரியாஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர், எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். விமலா மச்சாள்தான் மறுமொழி சொன்னார்.

"வடிவாய் அவிச்ச கிழங்கோ?"

"ஓம் டொக்டர். மூடாமல் அவிச்சு, தண்ணி வடிச்சுத்தான் குடுத்தனான்."

"வேற ஆர் சாப்பிட்டது?"

"நானும் என்ர மனுசனும். தேத்தண்ணியும் குடிச்சனாங்கள்."

"உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?"

"இல்லை டொக்டர். எங்களுக்குச் செய்திருந்தாலும் பரவாயில்லை."

டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். பச்சையாகவோ அரை அவியலாகவோ தின்றால் கிழங்கு நஞ்சாகலாம், ஆனால் இஞ்சி சேர்ந்து நஞ்சாகும் என்பது சும்மா கதை என்றார். அந்த நேரம் மிதுசா மச்சாளின் தோளிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அம்மா, குஞ்சுகள் எழும்பிட்டுதோ?"

"எந்தக் குஞ்சு?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒண்டுமில்லை டொக்டர். வீட்டில கோழிக்குஞ்சு வளர்க்கிறம்" என்றேன். அந்த நேரத்திலும் மறைக்கத்தான் பார்த்தேன்.

"அக்காவும் குஞ்சும் ஒண்டாய் நித்திரை" என்றாள் மிதுசா.

விமலா மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவரிடம் சூதில்லை. குற்றம் பிடிக்கவும் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டார்.

"குஞ்சுகள் செத்துக் கிடந்ததை நானும் கண்டனான் மச்சாள். அதுகளும் கிழங்கு திண்டதோ?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தேன். அந்தக் கேள்வியோடு எல்லாம் வெளியில் வந்துவிட்டது. "கரிச்சட்டி வைச்சனான் டொக்டர்" என்றேன். "மூடின அறைக்குள்ள. கேசவி காலமை துவக்கம் அதுக்குள்ளதான் இருந்தவள்."

டொக்டர் என்னை ஏசவில்லை. நான் சொல்லி முடிக்க முன்னரே ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு பிள்ளைகளின் முகத்திலும் மாஸ்க் வந்துவிட்டது, பக்கத்தில் பையோடு இருப்பது. சுவர்க் குழாயிலிருந்து முழுக்க முழுக்க ஒட்சிசன். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆறே கால். நான் அறைக் கதவைத் திறந்தது இரண்டே கால். இடைப்பட்ட நாலு மணித்தியாலமும் என் வாய்க்குள் கிடந்தது.

கேசவியின் மணிக்கட்டிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் வயர் ஒட்டி இதயத் துடிப்பைப் பதிந்தார்கள். தலையைப் படம் பிடித்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு டொக்டர் என்னைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். கரி எரியும்போது காற்றுப் போதாவிட்டால் காபனோரொட்சைட்டு என்ற வாயு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. நம் இரத்தம் ஒட்சிசனைச் சுமந்துகொண்டுபோய் மூளைக்கும் இதயத்துக்கும் கொடுக்கிறது. இந்த வாயு உள்ளே போனால் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தில் ஏறி இருந்துகொண்டு லேசில் இறங்காது. பஸ்ஸில் வேறு ஆட்கள் இடம்பிடித்து இருக்க நம் பிள்ளை றோட்டில் நிற்கிற மாதிரி. விரலில் மாட்டும் கருவிக்கு அந்த ஆளுக்கும் இந்த ஆளுக்கும் வித்தியாசம் தெரியாது. சீற் நிறைந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அதனால்தான் தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்செடுப்பார்கள், அதனால் அவர்களைக் கெதியாகப் பிடித்துவிடும்.

"புகை இல்லாமல்தான் வைச்சனான் டொக்டர்" என்றேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கலாம் போலிருக்கிறது.

"புகை இருந்திருந்தா பிள்ளை இருமிக்கொண்டு வெளியால ஓடியிருக்கும் அம்மா" என்றார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "வந்த உடனே இதைச் சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

விமலா மச்சாள் எழுந்து வார்ட்டுக்கு வெளியே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். போயிருந்தாலும் கேட்க எனக்கு வாயில்லை. அரை மணித்தியாலம் கழித்து இரண்டு பணிசும் ஒரு கப் பிளேன்ரீயும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குடியும் மச்சாள். காலமையிலயிருந்து ஒண்டும் வயித்தில இல்லை."

ஏன் மறைத்தாய் என்று அவர் ஒரு சொல் கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இன்றுவரை கேட்கவில்லை.

கேசவி மறுநாள் விடிந்த பிறகுதான் கண் திறந்தாள். மிஸி, தாதியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவது, குனிந்து "உங்கட பேர் என்ன?" என்று கேட்டார். நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, நான் திறக்கேல்லை" என்றாள். மிஸிக்கு அது விளங்கவில்லை. நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் எழுந்துபோய்க் குழாயடியில் நின்று அழுதேன்.

அவர் கொழும்பிலிருந்து வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், சட்டியைக் கவிழ்த்தது உட்பட. கட்டில் விளிம்பில் இருந்து கேசவியின் பாதத்தைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "விமலா அக்கா சாப்பிட்டவவோ?" என்றுதான் முதலில் கேட்டார். சிறுவர் பிரிவிலிருந்து வந்தவரும் நான் பயந்த மாதிரி ஒன்றும் செய்யவில்லை. கேட்டார், எழுதினார், மற்றத் தாய்மாருக்கு இதைச் சொல்லுங்கள் என்றார். இந்தப் பயத்துக்கா நான் நாலு மணித்தியாலத்தைக் கொடுத்தேன் என்று இருந்தது.

ஆறாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது மச்சாளின் வளவில் கிழங்குப் பாத்தி வெறும் சேறாகக் கிடந்தது. பிடுங்கிய தடிகள் வேலியோரம் குவிந்திருந்தன. அதைக் கடந்துதான் எங்கள் வாசல் படலைக்குப் போகவேண்டும்.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது டொக்டர் ஒன்று சொல்லியிருந்தார். இந்த வாயு சிலருக்கு இரண்டு மூன்று கிழமை கழித்தும் மூளையில் வேலை காட்டும், மறதி வரலாம், சுபாவம் மாறலாம், கவனமாகப் பாருங்கள் என்று. மிதுசாவுக்கு ஒன்றும் வரவில்லை. கேசவிக்கு மூன்றாம் கிழமை வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நிற்பாள். ஏழாம் வாய்ப்பாடு வரை பிசகாமல் சொன்னவளுக்கு மூன்றாம் வாய்ப்பாடு நடுவில் அறுந்துபோனது. பேனை பிடித்த கை நடுங்கியது. ஒருபோதும் எதிர்த்துப் பேசாதவள் சோற்றுக் கோப்பையை எறிந்தாள். எறிந்துவிட்டு ஏன் எறிந்தேன் என்று என்னிடமே கேட்டாள்.

மாதக்கணக்கில் கிளினிக் போனோம். பஸ் ஏறி, நம்பர் எடுத்து, வாங்கில் காத்திருந்து. மருந்தைவிடப் பயிற்சிதான் அதிகம்: எழுத்து, கதை சொல்லல், படங்களைப் பார்த்து ஞாபகத்தில் வைத்துச் சொல்லுதல். பின்னேரங்களில் விமலா மச்சாள் வந்து அவளோடு இருந்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். மச்சாளுக்கே ஒன்பதாம் வாய்ப்பாடு சரியாகத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து பிழை பிழையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவள் ஞாபகம் திரும்பவேண்டும் என்று நேராத கோயில் இல்லை. ஆனால் ஒரு நாள் மட்டும், அந்த ஒரு நாள் மட்டும், அவளுக்குத் திரும்பி வரக்கூடாது என்றும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டேன். கடவுளிடம் அப்படி வெட்டிக் கொத்திக் கேட்டவள் நான்.

போன கிழமை கிளினிக்கில் அதே டொக்டர். கேசவி வாய்ப்பாடு சொன்னாள். கதையைக் கேட்டுத் திருப்பிச் சொன்னாள். கை நடுங்காமல் வட்டம் கீறினாள். கடைசியாக டொக்டர் கேட்டார்.

"மயக்கம் வந்த அண்டைக்கு என்ன நடந்தது எண்டு ஞாபகம் இருக்கோ?"

"ஓம். மழை. நான் குஞ்சு பாத்துக்கொண்டு இருந்தனான். விமலா மாமி கிழங்கு தந்தவா. பேந்து தலையிடிச்சது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கதவடிக்குப் போனனான். கொண்டியில கை வைச்சனான். அம்மா திறக்க வேண்டாம் எண்டு சொன்னவா. அதால திரும்பி வந்து படுத்திட்டன்."

டொக்டரின் முகம் மலர்ந்தது. "கெட்டிக்காரி. எல்லாம் ஞாபகம் இருக்கு" என்று சொல்லி, கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்தார். இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார். நான் கொப்பியை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னலோரம் இருந்தாள். வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள் திரும்பிக் கேட்டாள்.

"அம்மா, நான் அண்டைக்குக் கதவைத் திறந்திருந்தா என்னை ஏசியிருப்பீங்களோ?"

இல்லை என்று சொல்ல வாய் உன்னியது. எந்தத் தாயும் அதைத்தான் சொல்லுவாள். அவளும் நம்பியிருப்பாள், சொல்வழி கேட்கிற பிள்ளைதானே.

"ஓம்" என்றேன். "ஏசியிருப்பன்."

"எனக்குத் தெரியும்" என்றாள்.